குடிபெயர்ச்சியும் நாட்டு நலமும்

மக்கள் ஓரிடம் விட்டு வேறோரிடம் செல்வதால் நாட்டிற்கு நன்மையா, தீமையா என்னும் வினா, நம் மன்றத்தில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு பெயரில் சொற்போருக்கு வந்துவிடுகிறது. இவ்வாண்டும் வந்தது. நன்மையே என்றவர்கள் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். தீமையே என்றவர்கள் வேலை பறிபோவதையும், பண்பாடு கலங்குவதையும், ஒற்றர் நுழைவதையும் எடுத்துரைத்தார்கள். இரு சாராருக்கும் கைத்தட்டல் குறைவில்லை. ஆனால் எந்தக் குடிபெயர்ச்சி, எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று ஒருவரும் சொன்னாரில்லை.

நான் பௌதிகம் பயில்பவன்; பொருளாதாரம் என் துறையன்று. ஆயினும் எங்கள் துறையின் வரலாற்றிலேயே இவ்வினாவுக்கு விடை தேடத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. சமுதாயத்தைச் சோதனைக் குழாயில் இட்டுப் பார்க்க முடியாது. ஒரு நாட்டிலிருந்து ஆட்களைப் பிடுங்கி மற்றொரு நாட்டில் நட்டு, இரண்டிலும் என்ன நிகழ்கிறது என்று காண எந்த ஆராய்ச்சியாளனுக்கும் உரிமையில்லை. ஆனால் 1933இல் ஜெர்மனியின் அரசாங்கம் அத்தகைய கொடுஞ்சோதனையைத் தன் நாட்டின்மேல் தானே நடத்திக்கொண்டது. அதன் பயனை அறிஞர்கள் இன்றளவும் அளந்து வருகிறார்கள். அதனையே இங்கு எழுத முற்படுகிறேன்.

1933க்கு முன்பு பௌதிகம் ஆழ்ந்து கற்க விரும்பியவன் ஜெர்மன் மொழி கற்றான். கோட்டிங்கன் என்னும் சிறு நகரத்தின் பல்கலைக் கழகத்தில் மட்டும் மாக்ஸ் பார்ன், ஜேம்ஸ் பிராங்க் ஆகிய பௌதிகப் பேராசிரியர்களும், ஹில்பர்ட், கூரண்ட், எம்மி நேதர் ஆகிய கணித மேதைகளும் ஒரே காலத்தில் இருந்தார்கள். 1925இல் பார்னின் உதவியாளராயிருந்த ஹைசன்பர்க் தொடங்கி, பார்னும் ஜோர்டனும் சேர்ந்து உருவாக்கிய கணக்கு முறையைத்தான் குவாண்டம் விசையியல் என்று நாம் இன்று முதலாண்டில் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். பின்னாளில் அமெரிக்காவின் அணுகுண்டு ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ஓப்பன்ஹைமரும் பார்னிடம் டாக்டர் பட்டம் பெற்றவரே. உலகம் அந்நகரத்திற்குச் சென்று கற்றது.

1933ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஹிட்லரின் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அரசுப் பணியைச் சீராக மீட்டமைக்கும் சட்டம் என்பது அதன் பெயர். பெயரில் ஒரு குறையும் இல்லை. யூத இனத்தாரையும் அரசியலில் மாறுபட்டோரையும் பணியிலிருந்து விலக்குவது அதன் பொருள். அந்நாட்டில் பல்கலைக் கழக ஆசிரியரும் அரசுப் பணியாளரே. முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு இருந்தது. பிராங்க் அவ்வாறு நின்றவர். நோபெல் பரிசும் பெற்றவர். அவர் விரும்பியிருந்தால் நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். அவரோ, தம் இனத்தார்க்கு இல்லாத இடம் தமக்கும் வேண்டாமென்று பதவியைத் துறந்து, அதனைப் பகிரங்கமாகவும் அறிவித்தார். சில நாட்களில் அதே பல்கலைக் கழக ஆசிரியர்கள் 42 பேர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவருக்கு ஆதரவாக அன்று. அவருடைய செயல் நாட்டிற்கு ஊறு செய்வது என்று! பார்ன் தம் பதவி நீக்கத்தைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்.

அந்த 42 பேரைப் பற்றி நான் பல நாள் எண்ணியதுண்டு. எல்லாரும் கொடியவராய் இருந்திருக்க வேண்டுவதில்லை. ஒரு பேராசிரியர் போனால் ஓரிடம் காலியாகிறது. அவ்விடத்திற்கு ஒருவர் உயர்கிறார். அவருடைய இடத்திற்கு மற்றொருவர். பல ஆண்டுகளாகப் பதவிக்குக் காத்திருந்த இளைஞர்களுக்கு அந்தச் சட்டம் நல்ல காலமாகத் தோன்றியிருக்கும். இதுதான் இத்தகைய செயலில் உள்ள சூழ்ச்சி. வேலை பெற்றவன் கண்ணுக்குத் தெரிகிறான். அவன் வீட்டில் விளக்கு எரிகிறது. நாடு இழந்ததோ எவர் வீட்டிலும் உடனே தெரிவதில்லை. எழுதப்படாத ஆராய்ச்சிக்கும், பயிற்சி பெறாத மாணவனுக்கும் கணக்கெழுதுவோர் யார்? மறு ஆண்டில் கல்வி அமைச்சர் ஹில்பர்ட்டைச் சந்தித்து, யூதர் செல்வாக்கு நீங்கிய பின் கோட்டிங்கனில் கணிதம் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். அங்கே கணிதம் என்று ஒன்று இப்போது இல்லையே என்பது அந்த முதியவரின் விடை என்று சொல்வார்கள்.

வெளியேறியவர் அனைவரும் அறிஞர் அல்லர். அன்று ஜெர்மனியிலிருந்த யூதர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். 1939இல் போர் மூளும் முன்பே அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறிவிட்டனர். தையற்காரர், கடைக்காரர், எழுத்தர், மருத்துவர் ஆகியோரே மிகுதி. செல்வம் உடையவர் வெளியேறினால் அதில் நான்கிலொரு பங்கை வரியாகச் செலுத்த வேண்டும். எஞ்சிய பணமும் வங்கியில் முடக்கப்பட்டு, மாற்றும்போது பெரும்பகுதி கரைந்துபோகும். அரசாங்கத்திற்கு அப்போது இது கொழுத்த வருவாய். ஆனால் தொழில் எங்கே போயிற்று? லைப்சிக் நகரத்தின் ஒரு தெரு உலக விலங்குத்தோல் வாணிகத்திற்கே தலைமையிடமாக இருந்தது. வணிகர்கள் வெளியேறினார்கள், வாணிகம் அவர்கள் பின்னாலேயே இலண்டனுக்குப் போய்விட்டது. கட்டடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்; எந்தத் தோலுக்கு என்ன விலை, எவனிடம் கடனுக்குக் கொடுக்கலாம் என்னும் அறிவை எந்தச் சுங்கச் சாவடியில் பறிமுதல் செய்வது?

இங்கே ஓர் அருமையான அளவீட்டைச் சொல்ல வேண்டும். வால்டிங்கர் என்னும் பொருளாதார ஆராய்ச்சியாளர் ஜெர்மன் பல்கலைக் கழகத் துறைகளை எடுத்துக்கொண்டு, இரண்டு இழப்புகளை ஒப்பிட்டார். ஒன்று, 1933 முதல் ஆட்கள் நீக்கப்பட்ட இழப்பு. மற்றொன்று, போரில் குண்டு விழுந்து கட்டடங்களும் கருவிகளும் அழிந்த இழப்பு. பத்தில் ஒரு பங்கு ஆட்களை இழந்த துறையின் ஆராய்ச்சி, பத்தில் ஒரு பங்கு கட்டடத்தை இழந்த துறையைப் போல் நான்கு மடங்கு தாழ்ந்தது. அதனினும் முக்கியம் பிறகு நடந்தது. குண்டு விழுந்த துறைகள் 1961 வாக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. ஆட்களை இழந்த துறைகளில் அவ்விழப்பின் சுவடு 1980இலும் மறையவில்லை. நகரங்களைத் தரைமட்டமாக்கிய விமானங்களைக் காட்டிலும் ஒரு காகிதச் சட்டம் பல்கலைக் கழகங்களை ஆழமாகச் சேதப்படுத்தியது. 2016இல் வெளியான இந்த ஆராய்ச்சியை நான் முதலில் படித்தபோது எண்களை மறுமுறை சரிபார்த்தேன்.

வந்து சேர்ந்த இடத்தில் நிகழ்ந்ததையும் அளந்திருக்கிறார்கள். மோசர், வோய்னா, வால்டிங்கர் ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி இரசாயனத் துறையைப் பற்றியது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற்குக் குடியேறிய இரசாயன அறிஞர்கள் எந்தெந்தப் பிரிவுகளில் வல்லவர்களோ, அந்தப் பிரிவுகளில் அமெரிக்கரின் காப்புரிமைகள் 31 சதவீதம் உயர்ந்தன. இவ்வுயர்வுக்குக் காரணம் என்ன என்பதே சுவையானது. முன்பே அத்துறையில் இருந்த அமெரிக்கர் வேகம் பெற்றதனால் அன்று. புதிய அமெரிக்க இளைஞர்கள் அத்துறைக்குள் வந்ததனால். வந்தவன் இருந்தவனின் சோற்றில் பங்கு கேட்கிறான் என்று சொற்போரில் நம் நண்பர் ஒருவர் முழங்கினார். சோறு ஒரே அளவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அவர் சொன்னது சரி. அங்கே நடந்ததோ, வந்தவர் அடுப்பொன்று மூட்ட, உள்ளூர்ப் பிள்ளைகள் வந்து சமைக்கக் கற்றுக்கொண்டதுதான்.

இதனால் வரவேற்ற நாடுகள் எல்லாம் மனமுவந்து வரவேற்றன என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1938 ஜூலையில் பிரான்ஸ் நாட்டின் எவியான் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொருவரும் இரக்கம் தெரிவித்தார்கள். டொமினிக்கன் குடியரசு நீங்கலாகப் பெரும்பாலும் எவரும் கதவைத் திறக்கவில்லை. இங்கிலாந்தில் மருத்துவச் சங்கத்தாரின் எதிர்ப்பினால் ஆஸ்திரிய மருத்துவர் 50 பேருக்கு மட்டுமே இடமளிக்கப்பட்டது. பெண்களில் ஏறத்தாழ 20,000 பேர் வீட்டு வேலைக்காரிகளாகத்தான் அங்கே நுழைய முடிந்தது; அவர்களுள் படித்த பெண்கள் பலர். மறுபுறத்தில் 1933 மே மாதத்தில் பெவரிட்ஜ் போன்றோர் சேர்ந்து, ரூதர்போர்டைத் தலைவராகக் கொண்டு, அறிஞர்களுக்கு உதவ ஒரு கழகம் அமைத்தார்கள். இலண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆசிரியர்கள் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஆக, ஒரே நாட்டில் ஒரு தொழிலார் கதவைச் சாத்தினர். மற்றொரு தொழிலார் தம் கைப்பணம் கொடுத்துத் திறந்தனர்.

இதன் பயன் என்ன? பெர்லினிலிருந்து வந்த எர்ன்ஸ்ட் செயின் ஆக்ஸ்போர்டில் புளோரியுடன் சேர்ந்து பென்சிலினை மருந்தாக்கினார். 1940இல் எலிகளில் தொடங்கிய அச்சோதனை போர் முடிவதற்குள் எண்ணற்ற போர்வீரரின் உயிரைக் காத்தது. பிரைபர்க்கிலிருந்து விலக்கப்பட்ட கிரெப்ஸ் ஷெபீல்டில் 1937இல் கண்டறிந்த சுழற்சியை நம் உயிரியல் நண்பர்கள் தேர்வுக்கு முதல்நாள் இரவு மனப்பாடம் செய்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் குட்மன் 1939இல் வந்தார்; 1944இல்தான் முதுகெலும்பு முறிந்த போர்வீரருக்கான ஒரு சிறு மருத்துவப் பிரிவு அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவ்வகை நோயாளர் பிழைப்பதே அரிது என்று கருதப்பட்ட காலம் அது. அவர் அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, 1948இல் வில்வித்தைப் போட்டியும் நடத்திவிட்டார். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அதுவே. ஒருவனை எல்லைக்குள் விடுவது வேறு, அவன் கற்ற தொழிலைச் செய்ய விடுவது வேறு என்பதை இந்த ஐந்தாண்டு இடைவெளி காட்டுகிறது. வீட்டு வேலைக்காரிகளாகவே காலம் கழித்த ஆசிரியைகளால் நாட்டிற்கு என்ன கிட்டியிருக்கும் என்பதை எந்த ஆராய்ச்சியாலும் அளக்க முடியாது.

இனிப் பாதுகாப்பைப் பார்ப்போம். சொற்போரில் மிகுந்த சூடு பிறந்தது இங்கேதான், வரலாற்றிலும் அப்படியே. 1939இல் போர் மூண்டதும், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்கள் பிரிட்டனின் சட்டப்படி பகைநாட்டார் ஆனார்கள். பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில் அப்போது ரேடார் ஆராய்ச்சி நடந்தது. அது பரம இரகசியம். அங்கிருந்த பெயர்ல்ஸ், பிரிஷ் என்னும் இரண்டு அகதிப் பௌதிக அறிஞர்களுக்கு அதில் நேரடிப் பங்கு கிடையாது. ரேடாரில் சேர்க்கப்படாத பிரிஷுக்கு நேரம் இருந்தது. யுரேனிய அணு பிளவுபடுவதை 1938 கிறிஸ்துமஸ் விடுமுறையில், அவ்வாறே நாடிழந்த தம் சிற்றன்னை லீசா மைட்னருடன் சேர்ந்து விளக்கியவர் அவர். யுரேனியம் 235ஐத் தனியே பிரித்தால் வெடிகுண்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று இருவரும் கணக்கிட்டார்கள். டன் கணக்கில் வேண்டும் என்று பிறர் நினைத்திருக்க, சில கிலோகிராம் போதும் என்று விடை வந்தது. 1940 மார்ச்சில் அவர்கள் எழுதிக் கொடுத்த சில பக்கங்களே அணுகுண்டு இயலும் என்பதற்கு முதல் சான்றாயின. இதை ஆராய அமைத்த கமிட்டியில் முதலில் அவர்களுக்கே இடமில்லை! அயலாரிடமிருந்து இரகசியத்தைக் காக்க எண்ணிய அதிகாரிகள், அதனினும் பெரிய இரகசியத்தை அந்த அயலாரே கண்டுபிடிக்க வழி செய்துவிட்டார்கள்.

அதே 1940ஆம் ஆண்டில் பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரிட்டனில் அச்சம் பரவியது. ஏறத்தாழ 27,000 பேரை, யார் நண்பர் யார் பகைவர் என்று ஆராயாமல், பிடித்து அடைத்தார்கள். சிலரைக் கப்பலேற்றிக் கனடாவிற்கு அனுப்பினார்கள். அரண்டோரா ஸ்டார் என்னும் கப்பல் ஜூலை 2ஆம் நாள் ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியதில் 800க்கு மேற்பட்டோர் மாண்டனர். மற்றொரு கப்பலில் சென்று உயிர் பிழைத்தவர் வியன்னாவிலிருந்து வந்த மாக்ஸ் பெரூட்ஸ். திரும்பி வந்து ஹிமோகுளோபின் என்னும் குருதிப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்து 1962இல் நோபெல் பரிசு பெற்றார். அவர் கேம்பிரிட்ஜில் தொடங்கிய சிறு ஆராய்ச்சிப் பிரிவே மூலக்கூற்று உயிரியல் ஆய்வகமாக வளர்ந்தது. அந்த ஆய்வகத்தில் பணியாற்றித்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009இல் நோபெல் பரிசு பெற்றார். அவரும் நம்மைப் போல் தமிழ்நாட்டிற்கு வெளியே, பரோடாவில் வளர்ந்து படித்தவர் என்பதை இம்மன்றத்தார்க்கு நினைவூட்டுவதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.

ஆனால் கதையின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. கிளாஸ் பூக்ஸ் என்றொருவர் இருந்தார். இவரும் அகதி, இவரும் அடைக்கப்பட்டுக் கனடாவிற்கு அனுப்பப்பட்டவர். எடின்பரோவில் பார்னிடம் ஆராய்ச்சி செய்து, பின் பெயர்ல்ஸிடம் சேர்ந்து, அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் வரை சென்று, அணுகுண்டின் விவரங்களைச் சோவியத் நாட்டிற்குக் கொடுத்துவந்தார். 1950இல் ஒப்புக்கொண்டு 14 ஆண்டு தண்டனை பெற்றார். குடியேறியவரால் பாதுகாப்பிற்கு ஊறு வராது என்று யாரேனும் சொன்னால், இந்த ஒரு பெயர் போதும் அவர் வாயை அடைக்க. ஆயினும் அதே காலத்தில் அதே நாட்டிற்கு அணு இரகசியம் கொடுத்த ஆலன் நன் மே இங்கிலாந்திலேயே பிறந்த பௌதிகர். லாஸ் அலமாஸில் இருந்த தியோடர் ஹால் நியூயார்க்கில் பிறந்தவர். பிரிட்டனின் உளவுத் துறைக்குள்ளேயே இருந்து காட்டிக்கொடுத்த கிம் பில்பி உயர்குடி ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜ் பட்டதாரி. அவர் பல ஆண்டுகள் தப்பியதற்கு, நம்மவர்தானே என்ற எண்ணமும் ஒரு காரணம். பூக்ஸ் 1932இலேயே கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தவர். ஆளை ஆளாக எடுத்து ஆராய்ந்திருந்தால் அது தெரிந்திருக்கும். 27,000 பேரை மொத்தமாக அடைத்த வலையில் அவரும் அகப்பட்டார். பிறகு வெளியே வந்துவிட்டார். கூட்டமாக ஐயுறுவது பாதுகாப்புப் போலத் தோன்றும். உண்மையில் அது ஆராயும் வேலையைச் செய்யாமல் விடுவதற்கு ஒரு சாக்கு.

அணுகுண்டை ஒரு நாட்டின் நலத்தில் சேர்ப்பதா என்று நண்பர்கள் கேட்பது நியாயமே. கோட்டிங்கனில் பதவி துறந்த அதே பிராங்க், 1945 ஜூனில் சிகாகோவில் ஒரு குழுவிற்குத் தலைவராயிருந்து, ஜப்பானின்மேல் அதனை எச்சரிக்கையின்றி வீச வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார். அதனைக் கேட்பாரில்லை. இருமுறை இரண்டு அரசாங்கங்களுக்கு வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

பண்பாடு பற்றிச் சுருங்கச் சொல்வேன். ஹாம்பர்க் நகரத்திலிருந்த வார்பர்க் நூலகம் 60,000 நூல்களோடு 1933 இறுதியில் கப்பலேறி இலண்டன் போய்ச் சேர்ந்தது. ஹிட்லரின் ஜெர்மனியை வெறுத்து வெளியேறிய கான்ராட் வைட் என்னும் நடிகர், ஹாலிவுட்டில் கிடைத்த வேடங்களால், காசாபிளாங்கா முதலிய படங்களில் ஹிட்லரின் அதிகாரியாகவே நடித்தார், பிழைப்பு அப்படி. நம் நாட்டிற்கும் சிலர் வந்தார்கள். பிராகு நகரத்திலிருந்து 1934இல் பம்பாய் வந்து வானொலியில் பணியாற்றிய வால்டர் காப்மன் அமைத்ததுதான் அகில இந்திய வானொலியின் தொடக்க இசை. நம் பாட்டன்மார் காலையில் கேட்டு எழுந்த அந்தச் சிவரஞ்சனி இராகத்தை இந்தியப் பண்பாட்டின் குரல் என்றே எல்லாரும் எண்ணுகிறோம். எண்ணுவதில் தவறும் இல்லை. அவர் பின்னாளில் அமெரிக்காவில் இருந்து தென்னிந்திய இராகங்களைப் பற்றி ஒரு பெருநூலே எழுதினார். புவனேசுவரம் நகரத்தின் அமைப்புத் திட்டத்தை 1948இல் வகுத்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரும் இவ்வாறு வந்தவரே. அவர் மாக்ஸ் பார்னின் மருமகன் முறை உறவினர்.

பார்னும் இந்தியாவிற்கு வந்தார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். திருச்சியை அடுத்த திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. இராமன் 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். ஜெர்மனி எறிவதை இந்தியா எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவர் உடனே உணர்ந்தார். அவர் அழைப்பின்பேரில் பார்ன் 1935-36இல் ஏறத்தாழ ஆறு மாதம் பெங்களூரில் தங்கிச் சொற்பொழிவாற்றினார். அவரை நிலையான பேராசிரியராக்க இராமன் முயன்றார். கழகத்தின் கூட்டத்தில், அண்மையில் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, தன் நாட்டாலேயே விரட்டப்பட்ட இரண்டாந்தர அயலான் நமக்கு வேண்டாம் என்னும் பொருள்படப் பேசினார். பார்ன் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தார். வீட்டிற்குப் போய் அழுதுவிட்டேன் என்று தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பெங்களூரில் அமர்ந்துகொண்டு ஓர் ஆங்கிலேயர் மற்றொருவரை அயலான் என்றதைக் கேட்டு அங்கிருந்த சுவர்கள் சிரித்திருக்கும். பார்ன் 1936இல் எடின்பரோ சென்றார். 1954இல் நோபெல் பரிசு பெற்றார். கோட்டிங்கனில் இருந்ததைப் போன்ற ஒரு மாணவர் பரம்பரை பெங்களூரில் தோன்றியிருக்குமா என்று உறுதியாகக் கூற முடியாது. வாய்ப்பு நம் வாசற்படி வரை வந்து திரும்பியது என்பது மட்டும் உறுதி.

திரும்பிப் போனவர் பார்ன் மட்டுமல்லர். ஹர் கோவிந்த் கொரானா இங்கிலாந்திலும் சூரிச்சிலும் கற்று 1949இல் இந்தியா திரும்பினார். பிரிவினையில் பிறந்த ஊரை இழந்து அவர் குடும்பம் டில்லியில் அகதிகளாய் இருந்த காலம். இந்நாட்டில் அவருக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ், வான்கூவர், விஸ்கான்சின் என்று சென்று 1968இல் நோபெல் பரிசு பெற்றபோது அவர் அமெரிக்கக் குடிமகன். இங்கே அவரை எவரும் விரட்டவில்லை. சட்டம் ஒன்றும் போடவில்லை. நாற்காலி மட்டும் இல்லை. நம் விடுதியில் மேலைநாட்டுக்கு விண்ணப்பம் போடுகிற மூத்த மாணவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று சாப்பாட்டு மேசையில் இடித்துரைப்பவர்கள், கொரானாவுக்கு 1949இல் டில்லியில் யார் என்ன விடை சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த வாதம் நமக்குச் சாதகமான பக்கத்தில் மட்டும் நிற்கக் கூடாது. என் ஊர் திருப்பூருக்கு அருகில். என் தந்தையார் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இப்போது அவர் மேசையில் துணி விரிப்பவர்களில் பாதிப்பேர் பீகாரிகளும் ஒடியர்களும். ஊரில் வாடகை ஏறிவிட்டது, கூலி ஏறவில்லை, எல்லாம் இவர்களால் என்று பேசுகிறார்கள். கூலி ஏறவில்லை என்பது பொய்யன்று. அதனைத் தந்தையாரும் ஒப்புகிறார். ஆனால் இவர்கள் போய்விட்டால் ஆர்டரை எவன் முடிப்பது, இராத்திரி ஷிப்டை எவன் ஓட்டுவது என்றும் அவர்தான் கேட்கிறார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளரை வெட்டுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. பீகார் அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பிப் பார்த்தது. தமிழ்நாட்டுப் போலீசார் அவை பொய் என்று நிறுவினார்கள். அதற்குள் தொழிலாளர் பலர் மூட்டை கட்டி இரயில் நிலையத்தில் நின்றார்கள். தந்தையாரின் கம்பெனியில் ஒரு வாரம் பாதி மேசைகள் காலி. அங்கே போனவர்கள் பார்னும் பிராங்கும் அல்லர், துணி விரிப்பவர்கள். காலியான மேசையைப் பார்த்தபோதுதான் அவர்கள் செய்த வேலையின் அளவு ஊருக்குத் தெரிந்தது.

கடைசியாக, ஜெர்மனி. இன்று அந்நாட்டில் படிக்கும் அயல்நாட்டு மாணவரில் இந்தியரே முதலிடத்தில் இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி பெற்ற இந்தியருக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. நான்கு மாதம் கழித்து, 2025 பிப்ரவரித் தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கும் கட்சி ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்குப் பெற்று இரண்டாமிடத்திற்கு வந்தது. இரண்டும் ஒரே நாட்டின் குரல்தான். என்னுடன் ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் வேலை செய்யும் நண்பனுக்கு கோட்டிங்கனில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வரும் அக்டோபரில் புறப்படுகிறான். ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்து, இப்போது எண்கள் வரை வந்திருக்கிறான்.